நெட்டையனைப் பார்க்க வருகிறவர்களுக்கு

மார்ச் 3

தம்பிக்கு,

அன்புள்ள என்று ஆரம்பிக்கக் கை வரவில்லை. கோபித்துக்கொண்டாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. போனில் கூப்பிட்டால் "மேல சிக்னல் இல்ல" என்று பாதியில் வைத்துவிடுகிறாய். கடிதத்தை அப்படி வைக்க முடியாது, கிழித்துப் போடுவதற்காகப் பிரித்தாலும் நாலு வரி கண்ணில் பட்டுவிடும்.

விஷயம் இதுதான். அப்பாவுக்குக் கண் போய்க்கொண்டிருக்கிறது. சொட்டு மருந்தெல்லாம் நான் வேலை பார்க்கும் மருந்துக்கடையிலிருந்து நானே எடுத்து வந்து போடுகிறேன். அதில் பெரிதாகக் குணம் ஒன்றும் தெரியவில்லை. "போன பார்வை திரும்பாது, இருக்கிறதும் ரொம்ப நாள் நிக்காது. என்ன பாக்கணும்னு ஆசைப்படுறாரோ அதை இப்பவே காட்டிடுங்க" என்று கண் டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். கடல் என்பார், இல்லாவிட்டால் முப்பது வருஷம் டிரில் மாஸ்டராகக் கத்திக்கொண்டிருந்த பள்ளிக்கூட மைதானம் என்பார் என்று நினைத்தேன். "அந்த மலை மேல நிக்கிற சிலையைப் பாக்கணும்" என்றார்.

"சிலையையா, அங்க வேலை பாக்குற உங்க பையனையா?"

"சிலையை" என்றார். உடனே பேப்பரை எடுத்து முகத்துக்கு முன்னால் பிடித்துக்கொண்டார். அவரால் அதை வாசிக்க முடியாது என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும்.

அதனால் உன்னிடம் கேட்கிறேன். எந்த நேரத்துக்கு வந்தால் நல்லது, வயசானவரை எங்கே உட்கார வைக்கலாம், என்ன எடுத்து வரலாம், என்ன கூடாது, எல்லாம் எழுது. இணையத்தில் தேடிப் பார்த்தேன். ஆளாளுக்கு 'வாழ்நாள் அனுபவம்' என்று உருகியிருக்கிறார்கள். கழிப்பறை எங்கே இருக்கிறது என்று ஒருத்தனும் எழுதவில்லை.

வருகிறபோது நீ அவர் முன்னால் வந்து நிற்பாயா மாட்டாயா என்பதையும் எழுது. அதற்குத்தான் இந்தக் கடிதம், மற்றதெல்லாம் சாக்கு.

அக்கா

மார்ச் 12

அக்காவுக்கு,

கடிதத்தைக் கிழிக்கவில்லை. இங்கே கிழிக்கிற அளவுக்குக்கூட நேரம் கிடையாது. வெயில் ஏற ஏற மலைக்குக் கூட்டம் கூடிக்கொண்டே போகிறது.

கேட்டதற்கு முதலில் பதில். சனி, ஞாயிறு வராதே. அன்றைக்கு வருகிறவர்கள் சிலையைப் பார்ப்பதில்லை, முன்னால் நிற்கிறவன் மண்டையைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். வேலை நாளில், காலையில் முதல் ரோப் காரிலேயே ஏறிவிடு. மத்தியானத்துக்கு மேல் மேகம் வந்து சிலையை இடுப்போடு விழுங்கிவிடும். அப்போது வருகிற புத்திசாலிகள் "எங்கப்பா தலை?" என்று என்னிடம் கேட்பார்கள், நான்தான் எடுத்து ஒளித்து வைத்த மாதிரி. ரோப் காரில் இடது பக்கம் உட்காருங்கள், வலது பக்கம் பாறைதான் தெரியும். காது அடைத்தால் எச்சில் விழுங்கச் சொல். கழிப்பறை பாதி வழி ஸ்டேஷனில்தான் சுத்தமாக இருக்கும். மேலே இருப்பதைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதமே நாறிவிடும். இறங்குகிற டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிவிடு. ஏறும்போது எல்லாரும் ராஜா, இறங்குகிற வரிசையில் நிற்கும்போதுதான் தெரியும் யார் யார் எப்படிப்பட்டவர்கள் என்று.

தொலைநோக்கி வாடகைக்குத் தருகிறவன், தலை மேல் கை வைத்த மாதிரி போட்டோ எடுத்துத் தருகிறவன், இந்த இரண்டு பேரையும் ஏறெடுத்துப் பார்க்காதே. நாங்கள் அந்தச் சிலைக்கு நெட்டையன் என்று பெயர் வைத்திருக்கிறோம். உயிரோடு இருந்தபோது என்ன சாதித்தான் என்று கேட்டால் வருகிறவர்களில் முக்கால்வாசிப் பேருக்குத் தெரியாது. ஆனால் அவன் மூக்கைக் கிள்ளுகிற மாதிரி போட்டோ எடுக்காமல் ஒருத்தரும் இறங்குவதில்லை. இதற்காகவா கடன் வாங்கி, பெட்டி கட்டி, பிள்ளைகுட்டிகளை இழுத்துக்கொண்டு வருகிறார்கள்? வரட்டும். அவர்கள் முகத்தைப் பார்ப்பதை நான் எப்போதோ விட்டுவிட்டேன். கைப்பிடிச் சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு மஞ்சள் கோடு இருக்கிறது. நாள் முழுக்க அந்தக் கோட்டையும் அதை மிதிக்க வருகிற கால்களையும்தான் பார்க்கிறேன். செருப்பைப் பார்த்தாலே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவேன்.

இப்போது உன் கடைசிக் கேள்வி. உன் மாமியார் வீட்டு ஆட்கள் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, "ஊர் சுத்த வர்றவனைத் தள்ளி நில்லுன்னு சொல்ற வேலைக்கு ஒரு தொப்பி, ஒரு விசிலு! நான் கண்ணை மூடுற வரைக்கும் இவன் மூஞ்சியில முழிக்க மாட்டேன்" என்று சொன்னது யார்? அவர் வாழ்நாள் முழுக்கப் பிள்ளைகளை வரிசையில் நில் என்று விசில் ஊதினார். நானும் வரிசையில் நில் என்றுதான் விசில் ஊதுகிறேன். அவர் ஊதினால் உத்தியோகம், நான் ஊதினால் கேவலம்.

சிலையைப் பார்க்கத்தானே வருகிறார், நன்றாகப் பார்க்கட்டும். எந்த நாள் என்று முன்கூட்டியே எழுது. அன்றைக்கு லீவு போட்டுவிடுகிறேன்.

தம்பி

மார்ச் 20

டேய்,

உனக்கு ரொம்பத்தான் கொம்பு முளைத்துவிட்டது. உலகத்தில் நீ ஒருத்தன்தான் ரோஷக்காரன் மாதிரி பேசாதே. அவர் சொன்னது தப்பு. நானும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன், எனக்கும் பொறுக்கவில்லை. ஆனால் ஒரு மனுஷன் ஒரு தடவை வாய்விட்டதை இத்தனை வருஷம் ஊறப்போட்டு வைக்கிறாயே, இதற்கு உனக்குச் சம்பளமா தருகிறார்கள்? இதில் மற்றவர்களைப் பற்றி வேறு இளக்காரம். கடன் வாங்கியாவது ஊர் பார்க்கக் கிளம்பி வருகிறவர்கள் உன்னைவிட எவ்வளவோ மேல். நீ ஒரு பஸ் டிக்கெட் எடுத்து அப்பாவைப் பார்க்கக்கூட வரவில்லை.

எந்த நாள் என்று உனக்கு எழுத மாட்டேன். எழுதினால் நீ ஓடி ஒளிந்துகொள்வாய்.

வேறு சில விஷயம் கேட்க வேண்டியிருக்கிறது. அவருடைய பார்வை ஓரங்களிலிருந்து இருட்டிக்கொண்டு வருகிறது. பக்கத்தில் யார் நிற்கிறார்கள், காலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதெல்லாம் தெரியாது. நேர் எதிரே மட்டும் ஒரு சின்ன ஜன்னல் மாதிரி தெரிகிறது. போன வாரம் வாசல் படி தெரியாமல் தடுக்கி விழுந்தார். தூக்கப் போனால் "பிள்ளைங்க எதிர்ல கையைப் பிடிக்காதே" என்கிறார். எந்தப் பிள்ளைகள்? அங்கே பக்கத்து வீட்டுப் பூனைதான் இருந்தது. ரோப் காரை விட்டு இறங்கிய பிறகும் நிறையப் படி இருக்கிறதாமே, இப்படிப்பட்டவரைக் கூட்டிக்கொண்டு அதை எப்படி ஏறுவது? மேலே உட்கார இடம் உண்டா? உன் மாமா தானும் வருகிறேன் என்று கேமரா ஸ்டாண்டைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். அவர் வந்தால் அப்பாவை விட்டுவிட்டு நான் அவரைத் தேட வேண்டியிருக்கும், அதனால் மாமாவை வீட்டிலேயே விட்டுவிட்டு வருகிறேன்.

அக்கா

மார்ச் 29

அக்கா,

வயசானவர் யாராக இருந்தாலும் இதைத்தான் சொல்வேன், விசேஷமாக ஒன்றும் இல்லை.

படியில் ஏற வேண்டாம். ரோப் காரை விட்டு இறங்கியதும் கூட்டம் எல்லாம் வலது பக்கம் ஆட்டு மந்தை மாதிரி போகும். நீங்கள் டிக்கெட் அறையைச் சுற்றிப் பின்பக்கம் போங்கள். அங்கே ஒரு லிஃப்ட் இருக்கிறது. சாமான் ஏற்றத்தான் போட்டது, ஆனால் முடியாதவர்கள் கேட்டால் ஏற்றுவார்கள். பலகை எதுவும் வைக்கவில்லை, வைத்தால் இருபது வயசுத் தடியன்கள் எல்லாரும் மூட்டு வலி என்று வந்து நிற்பான்கள். அதை ஓட்டுகிறவரிடம் கண் விஷயத்தைச் சொன்னால் போதும்.

மேலே சிலைக்கு எதிரே கொஞ்சம் தள்ளி, காற்று அடிக்காத பக்கம் ஒரு கல் பெஞ்சு உண்டு. அங்கே உட்கார வைத்தால் ரொம்ப அண்ணாந்து பார்க்காமலே நெட்டையன் முகம் தெரியும். மற்ற இடத்தில் கழுத்து வலிதான் மிச்சம். பை கொண்டு வராதே. கொண்டு வந்தால் பை வைக்கிற கவுண்டரில் நிற்க வேண்டிவரும், அங்கே இருப்பவர் டோக்கன் எழுதுவதற்குள் நெட்டையன் இடது கால் மாற்றி வலது காலில் நின்றுவிடுவான். ஸ்வெட்டர் கட்டாயம் வேண்டும். ஏப்ரல் பாதிக்குமேல் மேகம் காலையிலேயே வந்துவிடும், அதற்கு முன்னால் வாருங்கள்.

இன்னொன்று. அந்த வெள்ளைக் கேன்வாஸ் ஷூவைப் போட்டுக்கொண்டு வரக் கூடாது என்று சொல். மேலே கல் எப்போதும் ஈரமாக இருக்கும், கேன்வாஸ் நனைந்தால் வழுக்கும். அடியில் ரப்பர் முள் முள்ளாக இருக்கிற ஷூ வாங்கிப் போடட்டும். சொன்னால் கேட்கப் போவதில்லை. பிறந்ததிலிருந்து அந்த வெள்ளை ஷூவோடுதானே இருக்கிறார். சின்ன வயசில் ஞாயிற்றுக்கிழமை ஆனால் அதற்கு வெள்ளை பூசிப் பூசி என் விரலெல்லாம் சுண்ணாம்பு அடித்த சுவர் மாதிரி ஆகியிருக்கிறது. அடுத்தவன் பேச்சைக் கேட்டு எதையாவது மாற்றிக்கொண்டார் என்று அவரைப் பற்றி யாரும் சொல்ல முடியாது. சொல்வது என் கடமை, சொல்லிவிட்டேன்.

தம்பி

ஏப்ரல் 14

தம்பி,

வந்துவிட்டுத் திரும்பியாயிற்று. உனக்குத் தெரியாது.

செவ்வாய்க்கிழமை, முதல் ரோப் கார், இடது பக்கம். எல்லாம் நீ சொன்னபடிதான். லிஃப்ட் ஓட்டுகிறவர் நல்ல மாதிரி. பெஞ்சும் இருந்தது. நான் சொட்டு மருந்தையும் தண்ணீரையும் பையில் போட்டுக் கொண்டு வந்த பாவத்துக்குக் கவுண்டரில் மாட்டிக்கொண்டேன். அப்பாவைப் பெஞ்சில் உட்கார வைத்து, "நகராதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனேன். அப்போது உன் விசில் சத்தம் கேட்டது. அதற்குப் பின்னால் உன் குரல், யாரையோ திட்டிக்கொண்டிருந்தாய்.

திரும்பிப் பார்க்கிறேன், பெஞ்சில் அப்பா இல்லை. சிலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, குரல் வந்த பக்கம் நேராக நடந்துகொண்டிருக்கிறார். கீழே மஞ்சள் கோடு இருப்பது அவருக்கு எப்படித் தெரியும்? அவருக்கு முன்னால் இருந்த அந்தச் சின்ன ஜன்னலில் நீதான் இருந்தாய். கோட்டைத் தாண்டி, உனக்கு இரண்டு எட்டு முன்னால் வந்து நின்றுவிட்டார்.

நீ என்ன சொன்னாய் என்று உனக்கு நினைவிருக்காது. ஒரு நாளைக்கு எத்தனை பேரிடம் சொல்கிறாயோ! எனக்கு நன்றாகக் கேட்டது. "யோவ் பெருசு! கோட்டைத் தாண்டி எங்க போற? கண்ணு என்ன முதுகுலயா இருக்கு? ஷூ மட்டும் புதுசா மாட்டிக்கிட்டு வந்துடுறாங்க, தள்ளி நில்லுய்யா!" அவர் காலைப் பார்த்துத்தான் சொன்னாய். தலையை நிமிர்த்தவில்லை.

அப்பா உன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு, "சரி சார்" என்றார். சொல்லிவிட்டு, அவர் டிரில்லில் சொல்லிக்கொடுப்பாரே, அதே மாதிரி அடியை எண்ணி எடுத்து வைத்துப் பின்னால் போனார்.

எனக்கு வந்த கோபத்துக்கு உன் தொப்பியைப் பிடுங்கிப் பள்ளத்தில் எறிந்திருப்பேன். ஓடி வந்தேன். அவர் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். "டூட்டியில இருக்கான். தொந்தரவு பண்ணாதே" என்றார். கெஞ்சினேன், அதட்டினேன், ஒன்றும் நடக்கவில்லை. "வா, கீழ போகலாம்" என்று லிஃப்டு பக்கம் திரும்பிவிட்டார். உன் நெட்டையனை ஒரு தடவைகூட அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

இறங்கும்போது அவராகவே பேசினார். "காதோரம் நரைச்சிருக்கு அவனுக்கு. ஒழுங்கா சாப்பிடுறதில்ல போல. விசிலைப் பல்லுல கடிக்கிறான், உதட்டுல பிடிக்கணும். ஆனா குரல் இருக்கு. அத்தனை பேரும் கேக்குறாங்கல்ல."

ஷூ என்றாயே. உன் கடிதத்தை அவருக்கு வாசித்துக் காட்டினேன், திட்டு எல்லாவற்றையும் சேர்த்து. ஷூ பற்றி எழுதியிருந்த இடம் வந்ததும் நிறுத்தச் சொன்னார். "அவன் சொன்னா சரியாத்தான் இருக்கும். நாளைக்கே கடைக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். பழுப்பு நிறம், ரப்பர் முள். நானே எடுத்துக் கொடுத்தேன்.

உன்மேல் எனக்கு இருக்கிற வெறுப்பை எழுத இந்தத் தாள் பத்தாது.

அக்கா

ஏப்ரல் 21

அக்கா,

நீ வெறுக்கலாம். என் பங்குக்கு நானும் என்னை வெறுத்துக்கொண்டுதான் இருக்கிறேன், அதனால் கடிதத்துக்குப் பதில் எழுத ஒரு வாரம் ஆகிவிட்டது.

அந்த ஷூ எனக்கு நினைவிருக்கிறது. பழுப்பு, புதுசு, நாடாவை இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டியிருந்தது. யாரோ மகள் பார்த்துப் பார்த்துக் கட்டிவிட்டிருக்கிறாள் என்று நினைத்தேன். நினைத்துவிட்டுத் திட்டினேன். அவருடைய முகம் எப்படி இருந்தது என்று எவ்வளவு யோசித்தாலும் வரவில்லை. அவர் "சரி சார்" என்றது காதில் விழுந்தது. தினமும் நூறு பேர் அப்படித்தான் சொல்கிறார்கள்.

லீவு போடுவேன் என்று எழுதினேன் அல்லவா? போடவில்லை. ஏப்ரல் பிறந்ததிலிருந்து வார லீவுகூட எடுக்கவில்லை. கூட வேலை பார்க்கிறவர்களின் காலை ஷிப்டையும் நானே வாங்கிக்கொண்டேன். ஒவ்வொரு ரோப் கார் வரும்போதும் வெள்ளைக் கேன்வாஸ் ஷூ வருகிறதா என்று கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றேன். போடக் கூடாது என்று நான் சொல்லியிருப்பதால் அதைப் போட்டுக்கொண்டுதான் வருவார் என்று அவ்வளவு நிச்சயமாக இருந்தேன். என் பேச்சைக் கேட்பார் என்று கனவிலும் நினைக்கவில்லை. நான் எழுதிய ஒரு விஷயத்தையாவது அவர் மதிப்பார் என்று தோன்றியிருந்தால் ஒவ்வொருத்தர் முகத்தையும் பார்த்திருப்பேன்.

நீயும் அங்கே நின்றுகொண்டு சும்மா இருந்துவிட்டாயே! அவர் உன் மணிக்கட்டைப் பிடித்தால் என்ன, வாய் இல்லையா உனக்கு? எப்போது பார்த்தாலும் கடையில் டாக்டர்களையே அதட்டுகிறவள். சரி, உன்மேல் பழி போட்டு என்ன ஆகப் போகிறது.

அவர் என்னைப் பார்த்துவிட்டார். நான் அவரைப் பார்க்கவில்லை. பத்து நாள் லீவு கேட்டு வாங்கிவிட்டேன். வருகிறேன்.

நீ வீடு மாறியபிறகு நான் வந்ததே இல்லை. எந்த பஸ், எந்த நிறுத்தம் என்று எழுது. எந்த நேரத்தில் வந்தால் அவர் தூங்காமல் இருப்பார்? என்ன வாங்கி வரலாம்? முதலில் என்ன பேச வேண்டும்? மலைக்கு வருகிற ஒவ்வொரு முட்டாளுக்கும் எங்கே உட்கார வேண்டும் என்று சொல்லித் தருகிறேன். என் அப்பா முன்னால் எங்கே போய் நிற்பது என்று எனக்குத் தெரியவில்லை, அக்கா. அதையும் எழுது.

தம்பி

ஏப்ரல் 26

தம்பி,

பஸ் நிலையத்தில் இறங்கி, ஆஸ்பத்திரி வழியாகப் போகிற நகரப் பேருந்தில் ஏறு. தண்ணீர்த் தொட்டி நிறுத்தத்தில் இறங்கி யாரையும் வழி கேட்காதே, எங்கள் தெருக்காரர்கள் தெரியாவிட்டாலும் சொல்லுவார்கள். மருந்துக்கடைக்கு எதிர்ச் சந்து, மூன்றாவது மாடி. லிஃப்ட் இருக்கிறது என்று நம்பி நிற்காதே, அது ஓடுகிற நாளை விட ஓடாத நாள்தான் அதிகம்.

ஞாயிற்றுக்கிழமை வராதே. அன்றைக்கு என் மாமியார் வருவார், உனக்குப் பெண் பார்க்க ஆரம்பித்துவிடுவார். சாயங்காலமும் வேண்டாம். விளக்கு வெளிச்சத்தில் அப்பாவுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. காலையில் வா, அவர் ஜன்னல் பக்கத்து நாற்காலியில் இருப்பார். பழம் வாங்கி வராதே. பார்க்க வருகிறவர்கள் எல்லாரும் அதையே தூக்கிக்கொண்டு வந்து, ஃப்ரிட்ஜைத் திறந்தால் உருண்டு விழுகிறது. அழாதே. அழுதால் அவருக்குப் பிடிக்காது, எனக்கும் பார்க்கச் சகிக்காது.

நீ வருவதை அவரிடம் சொல்லிவிட்டேன். "எதுக்கு வர்றானாம்? லீவு குடுத்துட்டாங்களா?" என்றார். ஒரு மணி நேரம் கழித்து, முகம் மழிக்க ஆளைக் கூப்பிடச் சொன்னார். நாளைக்கே வருகிறாய் என்று நினைத்துவிட்டார் போல. இல்லையப்பா, இன்னும் நாள் இருக்கிறது என்றதற்கு, "அப்ப இன்னொரு தடவை மழிச்சுக்கலாம்" என்றார்.

சீக்கிரம் வா, நாளைக் கடத்தாதே. அந்த ஜன்னல் போன மாதத்தை விடச் சின்னதாகிவிட்டது. நேற்று நான் பக்கத்தில் நின்றபடியே மாத்திரையை நீட்டினால் தடவித் தடவி வாங்குகிறார்.

என்ன பேசுவது என்று நீ யோசித்து வைக்க வேண்டாம். முதல் பேச்சு அவர் பேசுவார், திட்டாகத்தான் இருக்கும், வாங்கிக்கொள். எங்கே நிற்பது என்று கேட்டிருந்தாய். வழக்கம்போலக் கதவோரமாக நிற்காதே, நாற்காலிக்குப் பக்கத்திலும் நிற்காதே. அங்கேயெல்லாம் நிற்கிறவன் அவரைப் பொறுத்தவரை வரவே இல்லை. நேராக எதிரே போய், முட்டி போட்டு, உன் முகத்தை அவர் முகத்துக்கு முன்னால் கொண்டுபோய் வை. அவர் பார்த்து முடிக்கும்வரை நகராதே.

அக்கா